பிபி மாத்திரை சாப்பிடுறவங்க வெயில்ல போகணும்னா: குடையா, முழுக்கை சட்டையா, சன்ஸ்கிரீனா, இல்ல ஒண்ணுமே வேணாமா?

பிபி இருக்குறவங்க வெயில்ல எப்படிப் போகணும்னு கேட்டா ரெண்டு பக்கத்துல இருந்து ரெண்டு விதமா பதில் வருது. தோல் டாக்டர்ங்க சன்ஸ்கிரீன் இல்லாம வெளிய போகாதீங்கன்னு சொல்றாங்க. வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டு என்னடான்னா வெயில் பட்டா ரத்தக்குழாய் விரியும், பிபி தானா இறங்கும், க்ரீம் பூசினா அது நடக்காம போயிடும், அதனால வெறும் தோலோட நில்லுங்கன்னு சொல்லுது. 2023ல வந்த ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 'இண்டியாப்'ங்குற ஆய்வுப்படி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 35.5 சதவீதம் பேருக்கு பிபி அதிகம், அதாவது மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல, அதனால இது யாரோ நாலு பேரோட கேள்வி இல்ல, காலைல ஆம்லோடிபினோ டெல்மிசார்ட்டனோ போட்டுட்டு பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிக்குற அத்தனை பேரோட கேள்வி.

என் முடிவை முன்னாடியே சொல்லிடுறேன். தமிழ்நாட்டு வெயில்ல, நம்ம தோல் நிறத்துக்கு, பிபி மாத்திரை சாப்பிடுற ஒருத்தர் முதல்ல மாத்த வேண்டியது நேரத்தை, அடுத்தது குடையும் துணியும், சன்ஸ்கிரீன் அதுக்கப்புறம்தான், அதுவும் சில பேருக்கு மட்டும் கண்டிப்பா. பிபி குறையட்டும்னு மத்தியான வெயில்ல நிக்குறது மட்டும் எந்தக் கணக்குலயும் சேராது. ஏன்னா நமக்கு முதல் எதிரி சூரியனோட புற ஊதாக்கதிர் இல்ல, அதோட சூடு. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி தப்பான முடிவு எடுக்குறோம்.

முதல்ல அந்த ஃபார்வர்டுல இருக்குற உண்மை என்னன்னு பாத்துடலாம், ஏன்னா அது முழுப் பொய் இல்ல. இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன், ஸ்காட்லாந்துல எடின்பரோ ரெண்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணி 2014ல வெளியிட்டாங்க, ரிச்சர்ட் வெல்லர்னு ஒரு தோல் டாக்டரும் மார்ட்டின் ஃபீலிஷ்ங்குற விஞ்ஞானியும் அதுல முக்கியமானவங்க. ஆரோக்கியமான 24 பேரை யுவிஏ (புற ஊதாக்கதிர்ல ஒரு வகை) விளக்கு முன்னாடி 20 நிமிஷம் வெச்சாங்க, இன்னொரு தடவை அதே விளக்கு, ஆனா கதிரை மறைச்சுட்டு சூடு மட்டும் தோல்ல படுற மாதிரி வெச்சாங்க. கதிர் பட்ட தடவை பிபி கொஞ்சம் இறங்குச்சு. காரணம் என்னன்னா நம்ம தோலுக்குள்ள நைட்ரேட், நைட்ரைட் மாதிரி சேமிப்பு இருக்கு, யுவிஏ பட்டா அதுல இருந்து நைட்ரிக் ஆக்ஸைடு வெளிய வந்து ரத்தத்துல கலக்குது, அது ரத்தக்குழாயை விரிக்கிற பொருள். விட்டமின் டி இதுல வேலை செய்யல, அது வேற வழி.

அதே வெல்லர் குழு 2020ல இன்னும் பெரிய கணக்கு ஒண்ணு போட்டாங்க, அமெரிக்காவுல டயாலிசிஸ் பண்ணிக்கிற 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்களோட பிபி ரெக்கார்டை எடுத்து, அவங்க ஊர்ல எவ்வளவு புற ஊதாக்கதிர் விழுதுன்னு ஒப்பிட்டாங்க. கதிர் அதிகமா இருக்குற இடத்துலயும் மாசத்துலயும் பிபியோட மேல் நம்பர் குறைவா இருந்துச்சு, வெப்பநிலையைக் கழிச்சுப் பாத்தாலும் கூட. ஆனா கறுப்பினத்தவங்க கிட்ட இந்தத் தொடர்பு வெள்ளைக்காரங்களை விடக் கம்மியா இருந்துச்சு. நம்ம ஆளுங்க இதைத்தான் கவனிக்கணும், தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் கூடக் கூட கதிர் உள்ள போறது குறையும், வெள்ளைத் தோல்ல பாத்த பலனை அப்படியே எடுத்து நம்ம தோல்ல ஒட்ட முடியாது.

அப்போ வெயில்ல நின்னா பிபி குறையுமா? கொஞ்சம், சில புள்ளி, கொஞ்ச நேரத்துக்கு. அதை எதோட ஒப்பிடணும்னா, ஒரே ஒரு பிபி மாத்திரை சாதாரண டோஸ்ல மேல் நம்பரை சராசரியா 9 புள்ளி வரைக்கும் இறக்கும், அதுவும் நாள் முழுக்க. காய், பழம், பருப்பு, கொழுப்பு கம்மியான பால் பொருள்னு சாப்பாட்டை மாத்திப் பாத்த டேஷ் ஆய்வுல, 1997ல, பிபி அதிகம் இருந்தவங்களுக்கு மேல் நம்பர் 11 புள்ளி இறங்குச்சு. கீரையும் பீட்ரூட்டும் சாப்பிட்டாலே அதே நைட்ரேட் வயித்து வழியா கிடைக்குது, அதுக்கு யாரும் கறுக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு, புற ஊதாவே இல்லாத நீல வெளிச்சத்துல 14 பேரை அரை மணி நேரம் வெச்சு 2018ல ஜெர்மனி, இங்கிலாந்து ஆளுங்க பாத்தாங்க, அதுலயும் மேல் நம்பர் 8 புள்ளி கிட்ட இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா வெளிச்சத்தோட பலன் வேணும்னா மத்தியானம்தான் நிக்கணும்னு இல்லன்னு புரியுது, ஏன்னா நீல வெளிச்சம் காலைலயும் இருக்கு.

விட்டமின் டி பத்தியும் இங்கயே முடிச்சுடலாம். வெயில்ல நிக்கல, அதனால விட்டமின் டி இல்ல, அதனாலதான் பிபின்னு நிறைய பேர் நம்புறாங்க. விட்டமின் டி மாத்திரை குடுத்து 6 மாசம் பாத்த டேலைட் ஆய்வுல, 2015ல, பிபி அசையல. 25 ஆயிரத்துக்கு மேல ஆளுங்க கலந்துக்கிட்ட வைட்டல் ஆய்வுல மாரடைப்பு, பக்கவாதம் குறையல. எலும்புக்கு வேணும், குறைவா இருந்தா டாக்டர் சொன்னபடி எடுத்துக்கணும், பிபிக்காக எடுக்க வேண்டாம்.

இப்போ சூட்டுக்கு வர்றேன், இதுலதான் நான் ரொம்ப நேரம் நிக்கப்போறேன், ஏன்னா மேல சொன்ன ஆய்வெல்லாம் குளிர் நாட்டுல, விளக்கு முன்னாடி, ரூமுக்குள்ள நடந்தது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் நடுவுலயும் மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும், நிழல் காலடிக்குள்ள போயிடும். கோடைல மத்தியான யுவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக்கதிர் எவ்வளவு கடுமைன்னு காட்டுற நம்பர், 11ஐத் தாண்டுறது இங்க சாதாரணம், உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல 3ல இருந்தே பாதுகாப்பு வேணும், 11ன்னா உச்சம். டிசம்பர்ல கூட வானம் தெளிவா இருந்தா மத்தியானம் 7, 8 தொடும். இதோட கத்திரி வெயில் சூடும் கடற்கரை ஊர்ல ஈரக்காத்தும் சேர்ந்தா வேர்வை வழியும், ஆனா காயாது, காயலன்னா உடம்பு குளிராது.

உடம்பு சூடு ஏறுனா தோல்ல இருக்குற ரத்தக்குழாய் எல்லாம் விரியும், ரத்தம் தோல் பக்கம் ஓடும், வேர்வைல தண்ணியும் உப்பும் போகும், ரத்தத்தோட அளவே குறையும், இதயம் வேகமா துடிச்சு ஈடு கட்டும். நல்லா இருக்குற இளசுகளுக்கு இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா பிபி மாத்திரைங்க ஒவ்வொண்ணும் இந்த ஏற்பாட்டுல எங்கயாவது ஒரு இடத்துல கை வைக்குது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு மாதிரி நீர் பிரிக்கிற மாத்திரை போட்டவங்களுக்கு ஏற்கனவே தண்ணியும் சோடியமும் சிறுநீர்ல போயிட்டு இருக்கு, வேர்வைல இன்னும் போனா சோடியம் குறைஞ்சு தலைசுத்தல், சோர்வு, வயசானவங்களுக்கு குழப்பம் வரைக்கும் போகும். அட்டினோலால், மெட்டோப்ரோலால் வகையறா இதயம் வேகமெடுக்குறதை அடக்கி வெச்சிருக்கும், அதனால சூட்டுக்கு ஈடு கட்ட முடியாது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் எல்லாம் உடம்புல தண்ணி குறைஞ்ச நேரத்துல பிபியை ரொம்ப இறக்கி கிட்னியைப் பாதிக்கலாம். ஆம்லோடிபின் போடுறவங்களுக்கு வெயில் காலத்துல கணுக்கால் வீக்கம் கூடும், சாயங்காலம் செருப்பு அச்சு கால்ல பதிஞ்சிருக்கும்.

இதுல இன்னொரு ஆபத்து நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குது. வெயில்ல வேலை பாத்துட்டு வந்து உடம்பு வலிக்குது, தலை வலிக்குதுன்னு மெடிக்கல்ல போய் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுறது. சார்ட்டன் வகை மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒண்ணா சேர்ந்து, கூடவே உடம்புல தண்ணியும் இல்லன்னா கிட்னிக்கு மூணு பக்கமும் அடி. வலி மாத்திரை தனியாவே பிபியை ஏத்தவும் செய்யும். கட்டட வேலை, வயல் வேலைக்குப் போற எத்தனையோ பேர் இதை வாரத்துல பல நாள் செய்றாங்க, யாரும் எடுத்து சொல்றதில்ல, இது எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கு.

ஆக, ஒவ்வொரு வழியையும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாக்கணும். கதிரைத் தடுக்குதா, சூட்டைத் தடுக்குதா?

குடை ரெண்டுக்கும் ஓரளவு ஆமான்னு சொல்லும், அதனாலதான் எனக்கு அது மேல இவ்வளவு மதிப்பு. அமெரிக்காவுல எமோரி யுனிவர்சிட்டி ஆளுங்க சாதாரண கைக்குடைங்களை வெயில்ல விரிச்சு அளந்து பாத்து 2013ல எழுதுனாங்க, எல்லாக் குடையும் குறைஞ்சது 77 சதவீதம் புற ஊதாவைத் தடுத்துச்சு, கறுப்புக் குடை குறைஞ்சது 90 சதவீதம். நம்ம தாத்தாங்க கையில தொங்குன அதே கறுப்புக் குடைதான். தலைக்கு மேல நேரா விழுற சூடும் குறையும், நெத்தி கொதிக்காது. இப்போ வெளிப்பக்கம் வெள்ளி பூச்சும் உள்பக்கம் கறுப்பும் இருக்குற குடை கிடைக்குது, சூட்டுக்கு அது இன்னும் நல்லது. ஆனா குடை மட்டும் போதும்னும் சொல்ல முடியாது. வானத்துல இருந்து சிதறி பக்கவாட்டுல வர்றதும், மணல், சிமெண்ட் தரைல பட்டு எதிரொளிக்கிறதும் குடைக்குள்ள வரும். டெக்சாஸ்ல ஒரு ஏரிக்கரைல 81 பேரை மூணரை மணி நேரம் உக்கார வெச்சுப் பாத்தாங்க, 2017ல வந்தது, பீச் குடைக்குக் கீழ மட்டும் இருந்தவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு தோல் பொசுங்குச்சு, எஸ்பிஎஃப் (தோல் பொசுங்காம சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும்ங்குற அளவு) 100 க்ரீம் மட்டும் போட்டவங்கள்ல 25 சதவீதம் பேருக்கு. அவங்க பொசுங்குற தோல்காரங்க, மூணரை மணி நேரம் அசையாம இருந்தாங்க, நம்ம மார்க்கெட்டுக்கு நடந்து போறதுக்கு அந்தக் கணக்கு வராது, ஆனாலும் பீச்சுல, மொட்டை மாடில ரொம்ப நேரம் இருக்கணும்னா குடையை மட்டும் நம்ப வேணாம்.

ஆம்பளைங்க குடை பிடிக்கக் கூச்சப்படுறது வேற ஒரு பிரச்சினை. மழைக்குப் பிடிப்பாங்க, வெயிலுக்குப் பிடிக்க மாட்டாங்க. 55 வயசுல பிபி மாத்திரை போட்டுட்டு வெறும் வழுக்கைத் தலையோட பேங்குக்கு நடக்குற அண்ணன்மாருங்களே, தயவுசெஞ்சு பிடிங்க.

துணிக்கு வருவோம். இதுல நம்ம ஊர் ஏற்கனவே நல்ல விடை கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போற அக்காங்க, அம்மாங்க எல்லாம் சேலைக்கு மேல வீட்டு ஆம்பளையோட பழைய முழுக்கை சட்டையை மாட்டி, தலைல துண்டைச் சுத்திக்கிறாங்க. தளர்வா இருக்கு, காத்து போகுது, கை முழுக்க மறையுது, வேர்வையை உறிஞ்சுது, ஒரு பைசா செலவு இல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் பூச வேண்டியதும் இல்ல. நெசவு நெருக்கமா இருந்தா கதிர் கம்மியா போகும், மெல்லிசு வெள்ளைப் பருத்தி வேர்வைல நனைஞ்சா கதிர் கொஞ்சம் அதிகமாவே உள்ள போகும், அடர்ந்த கலர் கதிரை நல்லா தடுக்கும் ஆனா சூட்டை இழுக்கும். பிபி ஆளுக்கு சூடுதான் முக்கியம்னு நான் சொல்றதால, வெளிர் கலர், கொஞ்சம் நெருக்கமான நெசவு, தொளதொள சட்டை, இதுதான் என் தேர்வு. உடம்போட ஒட்டுற பாலியஸ்டர் டி-ஷர்ட் கதிரை நல்லாவே தடுக்கும், ஆனா வேர்வை காயாம உள்ள புழுங்கும். தொப்பின்னா முன்னாடி மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குற கிரிக்கெட் தொப்பி காதையும் பின்கழுத்தையும் விட்டுடும், சுத்தி விளிம்பு இருக்குறதா பாருங்க. கண்ணுக்கும் சேர்த்துச் சொல்றேன், வெயில்லயே வேலை பாக்குறவங்களுக்கு கண்ணுல சதை வளர்றதும் கண்புரையும் சீக்கிரம் வர புற ஊதாவும் ஒரு காரணம், விளிம்புத் தொப்பி அதுக்கும் உதவும்.

சன்ஸ்கிரீன். முதல்ல பயத்தைத் தெளிவாக்கிடுறேன், தினமும் முகத்துக்கும் கைக்கும் சன்ஸ்கிரீன் போடுறதால ஒருத்தருக்கு பிபி வந்துடும்னு நிரூபணம் ஆகல. யுவிஏவைத் தடுத்தா நைட்ரிக் ஆக்ஸைடு குறையுமேன்னு கேட்டா, லாஜிக் சரிதான், ஆனா விளக்கு ஆய்வுல நடந்ததை வெச்சு முகத்துல ரெண்டு விரல் க்ரீம் பூசுறவங்களுக்கு மாரடைப்பு கணக்கு போட முடியாது. சில சன்ஸ்கிரீன்ல இருக்குற ஆக்ஸிபென்சோன், அவோபென்சோன் மாதிரி பொருள் ரத்தத்துல கலக்குதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவே 2019லயும் 2020லயும் சோதிச்சு சொன்னாங்க, அதே சமயம் அதனால கெடுதல்னு அர்த்தம் இல்ல, போடுறதை நிறுத்தாதீங்கன்னும் சொன்னாங்க. சந்தேகமா இருந்தா ஜிங்க் ஆக்ஸைடு இருக்குறதா வாங்கலாம், நம்ம நிறத்துல கொஞ்சம் வெளிறித் தெரியும், அவ்வளவுதான்.

என் குறை வேற. சன்ஸ்கிரீன் கதிரைத் தடுக்கும், சூட்டைத் துளி கூடத் தடுக்காது. எஸ்பிஎஃப் 50 பூசிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு வெயில்ல நிக்குற பிபி நோயாளிக்கு தோல் பத்திரம், ரத்தத்தோட தண்ணி வத்துறது அப்படியே நடக்கும். அதை விட மோசம், பூசியிருக்கோம்ங்குற தைரியத்துல கூட நேரம் நிக்கிறாங்க. ஐரோப்பாவுல இளைஞர்களுக்கு எஸ்பிஎஃப் 10, 30னு பிரிச்சுக் குடுத்துப் பாத்தப்போ, 30 கிடைச்சவங்க அதிக நேரம் வெயில்ல இருந்தாங்கன்னு 1999லயே வந்துச்சு. அப்புறம் அளவு. பாட்டில்ல போட்டிருக்குற எஸ்பிஎஃப் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுனாத்தான் கிடைக்கும், பெரும்பாலானவங்க அதுல பாதி, கால்வாசிதான் பூசுறாங்க. முகம், கழுத்து, ரெண்டு முன்கைன்னு சரியான அளவுல பூசுனா ஒரு தடவைக்கே அஞ்சு கிராம் கிட்ட ஆகும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, வேர்த்தா மறுபடியும். 50 கிராம் டியூப் ஒரு வாரம் தாங்காது. பிபி, சுகர் மாத்திரைக்கே மாசச் செலவு எண்ணிப் பாக்குற குடும்பத்துல அந்தக் காசுக்கு ஒரு நல்ல குடை வாங்கினா ரெண்டு மூணு கோடை வரும்.

ஆஸ்திரேலியா மாதிரி தோல் புற்றுநோய்க்கு ரொம்பப் பயப்படுற நாடே 2024ல ஒரு புது வழிகாட்டுதல் வெளியிட்டு, எல்லாரையும் ஒரே தட்டுல வைக்காம தோல் நிறத்தை வெச்சு மூணு பிரிவா பிரிச்சாங்க, கருமையான தோல்காரங்க ரொம்ப நேரம் வெளிய இருந்தா தவிர தினமும் சன்ஸ்கிரீன் கட்டாயம் இல்லன்னு அதுல வருது. க்ரீம் பாக்கெட்ல இருக்குற விளம்பரத்தை விட எனக்கு இது நேர்மையாப் படுது.

ஆனா பிபி ஆளுங்கள்ல சில பேருக்கு சன்ஸ்கிரீன் கண்டிப்பா வேணும், இதை விட்டுடாதீங்க. உங்க மாத்திரை பேருக்குக் கடைசில எச்னு இருந்தா, அதாவது டெல்மிசார்ட்டன் கூடவோ லோசார்ட்டன் கூடவோ ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரைன்னா, அது தோலை வெயிலுக்கு கூச்சப்பட வைக்கும். சில பேருக்கு வெயில் பட்ட இடம் மட்டும் சிவந்து, அரிச்சு, அப்புறம் கறுத்துப்போகும், கழுத்து வி மாதிரியும் முன்கையும் கறுத்து துணி மறைச்ச இடம் பழைய நிறத்துலயே இருக்கும். டென்மார்க்ல 2017ல வந்த ஆய்வு இந்த மருந்தை வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு ஒரு வகை தோல் புற்றுநோய் கூடுதுன்னு காட்டுச்சு, எஃப்டிஏ 2020ல மருந்து லேபிள்லயே அதைச் சேர்த்துச்சு, அவங்க கணக்குல வருஷத்துக்கு சுமாரா 16 ஆயிரம் பேருக்கு ஒரு கேஸ் கூடுதல், அதுவும் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரங்களுக்கு. நம்ம ஆளுங்க இதைப் பாத்து மாத்திரையை நிறுத்துறது பெரிய தப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து அதை விட எத்தனையோ மடங்கு. மறைச்சுக்கிட்டு, மறைக்க முடியாத இடத்துக்கு பூசிக்கிட்டு, தோல்ல மாற்றம் தெரிஞ்சா டாக்டர் கிட்ட மாத்திரை மாத்தலாமான்னு கேக்குறதுதான் வழி. டில்டியாசெம், இதயத்துடிப்புக்குக் குடுக்குற அமியோடரோன் சாப்பிடுறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து குடுக்குறாங்க இல்லையா, அந்த அக்காகிட்டயே அட்டையைக் காட்டி இதுல நீர் மாத்திரை சேர்ந்திருக்கான்னு கேட்டு வெச்சுக்கலாம். முகத்துல மங்கு இருக்குறவங்களுக்கும் சன்ஸ்கிரீன் வேணும், அது பிபி சம்பந்தப்பட்டது இல்ல.

வெளியவே போகாம ஃபேனுக்குக் கீழ உக்காந்துடலாமேன்னு சில வீட்டுல அப்பா அம்மாவைப் பூட்டி வெச்சுடுறாங்க. நடை நின்னா பிபி ஏறும், எடை ஏறும், மனசும் சோர்ந்துபோகும். ஸ்வீடன்ல 29 ஆயிரத்துக்கு மேல பெண்களை 20 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, வெயிலையே தவிர்த்தவங்க அதிகம் வெயில்ல இருந்தவங்களை விட சுமார் ரெண்டு மடங்கு இறந்துபோயிருந்தாங்க. வெளிய நடமாடுறவங்க ஏற்கனவே ஆரோக்கியமா இருந்திருக்கலாம், அது மங்கலான வெயில் இருக்குற நாடு, அதனால அந்த நம்பரை அப்படியே தூக்கிக்க வேணாம். ஆனா வீட்டுக்குள்ளயே கிடக்குறது பாதுகாப்பு இல்லன்னு நானும் நினைக்கிறேன். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுன்னா மத்தியானம் உள்ளதான் வெளிய விட சூடு, அங்க வேப்ப மரத்தடி மேல்.

அதனாலதான் நேரத்தை முதல்ல வெச்சேன். சென்னை மாதிரி ஊர்ல கோடைல காலைல எட்டு மணிக்குள்ளயும் சாயங்காலம் நாலரைக்கு மேலயும் யுவி இண்டெக்ஸ் பெரும்பாலும் 3க்குக் கீழதான் இருக்கும். புற ஊதாக்கதிர்ல இன்னொரு வகையான யுவிபி மத்தியானத்துல குவியும், யுவிஏ நாள் முழுக்க பரவலா இருக்கும், அதனால காலை வெயில்ல அரைக்கை சட்டையோட நடந்தா அந்த நைட்ரிக் ஆக்ஸைடு விஷயமும் கொஞ்சம் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும், நடையும் நடந்துடும், பிபிக்கு அதுல பெரிய பங்கு நடைக்குத்தான். ஃபார்வர்டு சொல்றதுல எது நல்லதோ அதை இப்படி எடுத்துக்கலாம், க்ரீமும் வேணாம் குடையும் வேணாம்.

தண்ணி விஷயம் தனியா பேசணும், ஏன்னா வெயிலுக்கு நம்ம குடிக்கிறதுல பாதி உப்பு. தண்ணீர் பந்தல் மோர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், கூழுக்கு ஊறுகா, மோர் மிளகா. நாளைக்கு 5 கிராம் உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரு டீஸ்பூன் அளவு, நம்ம சாம்பார் ரசத்துலயே அது தாண்டிடும். நாள் முழுக்க ஆபீஸ்ல இருந்துட்டு வெயில் காலம்னு ஓஆர்எஸ் பாக்கெட் குடிக்கிற பிபி ஆளுக்கு அது தேவையே இல்ல, தண்ணியும் உப்பில்லாத மோரும் போதும். ஆனா செங்கல் சூளைல, உப்பளத்துல, ரோடு போடுற இடத்துல மணிக்கணக்கா வேர்த்துக் கொட்டுறவங்களுக்கு உப்பே சேக்கக்கூடாதுன்னு சொல்றதும் தப்பு, வெறும் தண்ணியா குடிச்சா சோடியம் இன்னும் இறங்கும், அவங்களுக்கு உப்பு போட்ட மோர் மருந்துதான். இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, சாதாரணமா நல்லது, கிட்னி பழுதானவங்களும் சார்ட்டன் மாத்திரையோட ஸ்பைரோனோலாக்டோன் (ரெண்டுமே உடம்புல பொட்டாசியத்தை ஏத்தும்) சாப்பிடுறவங்களும் டாக்டரைக் கேக்காம தினமும் குடிக்க வேணாம்.

இப்போ யாருக்கு எது. டூவீலர்ல சேல்ஸ் வேலைக்கு சுத்துற ஆளுக்கு குடை நடக்காது, அவருக்கு முழுக்கை சட்டை, இல்லன்னா கை உறை, ஹெல்மெட்டுக்குள்ள ஒரு பருத்தித் துணி, முகத்துக்கும் கழுத்துக்கும் பிஏ+++னு (யுவிஏவை எவ்வளவு தடுக்கும்ங்குற குறி) போட்ட சன்ஸ்கிரீன், மாத்திரையை டேங்க் கவர்ல வைக்காம பைக்குள்ள வெக்கணும், அந்தச் சூட்டுல மருந்து கெடும். பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் உள்ள இருக்குற கஸ்டமரைப் பாக்குற மாதிரி ரூட்டை மாத்த முடிஞ்சா அது எல்லா க்ரீமையும் விட மேல். ரிட்டையர் ஆனவங்களுக்கு நேரமும் குடையும் போதும். கார்லயே போற ஆளுக்கு பக்கக் கண்ணாடி வழியா யுவிஏ ஓரளவு வரும், தோல் கறுக்கும், பிபிக்கு அதுல ஒண்ணும் இல்ல. கூலி வேலைக்குப் போறவங்க கிட்ட நேரத்தை மாத்துங்கன்னு சொல்றது அவங்க கையில இல்லாத ஒண்ணைக் கேக்குறது, அது மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் செய்ய வேண்டியது, காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு நிறுத்தி மறுபடி நாலுக்கு ஆரம்பிக்கிறது, நிழல்ல ஒரு பந்தல், குடிக்க தண்ணி. டிராஃபிக் போலீஸுக்கு மோரும் வெயில் தொப்பியும் குடுக்குற ஊர்ல இதுவும் கேக்கக் கூடியதுதான்.

வெயில் காலத்துல வீட்டு மிஷின்ல பிபி குறைவா காட்டுதுன்னு நீங்களா மாத்திரையைப் பாதியாக்காதீங்க. வெளிய இருந்து வந்த உடனே பாக்காம அரை மணி கழிச்சு, அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து பாருங்க, அப்புறம் எழுந்து நின்னு ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் திரும்பப் பாருங்க. நிக்கும்போது மேல் நம்பர் 20 புள்ளிக்கு மேல இறங்குனா, இல்ல எழுந்தா கண்ணு இருட்டுதுன்னா, அந்த நம்பர்களை ஒரு பேப்பர்ல எழுதி, எந்த நேரம் வெளிய போனீங்கன்னும் பக்கத்துல குறிச்சு, டாக்டர் கிட்ட கொண்டு போங்க, கோடைக்கு மட்டும் டோஸை மாத்துறதை அவர் முடிவு பண்ணட்டும். வெயில்ல இருந்த ஒருத்தர் பேச்சு குழறி, ஆள் யாருன்னு தெரியாம முழிச்சு, உடம்பு கொதிச்சா அது பிபி மயக்கம்னு நினைச்சு வாயில எதையும் ஊத்தாம நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே 108க்கு அடிங்க.